ரெசிபி அனுப்புங்க, கூடவே விலையையும் அனுப்புங்க!

சம்பளம் கிரெடிட் ஆன முதல் வாரம் உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க. வேலை சம்பந்தமான மெசேஜை விட ஜில்லுன்னு இருக்கற கிளாஸ் போட்டோதான் அதிகமா இருக்கும். ஒருத்தர் அவகாடோ ஸ்மூத்தி ரீல் போடுவார். இன்னொருத்தர் கிரீக் யோகர்ட், சியா விதை, ப்ளூபெர்ரின்னு ஒரு லிஸ்ட் போடுவார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனா அதே குரூப்புல இருந்து பிரிஞ்ச இன்னொரு குரூப்புல (மேனேஜர் இல்லாத குரூப்) மொஹிட்டோ, எல்.ஐ.ஐ.டி எப்படிக் கலக்கறதுன்னு வீடியோ ஓடும்.

இது தப்புன்னு சொல்ல வரல. ரெசிபி பகிர்ந்துக்கறது நல்ல பழக்கம்தான், காசு மிச்சம் பண்ற பழக்கமும் கூட. ஆனா எனக்கு ஒரே ஒரு குறை இருக்கு. இந்த ரெசிபிகள்ல எல்லா அளவும் இருக்கும், விலை மட்டும் இருக்காது. விலை எழுதாத ரெசிபி என் கணக்குல பாதி விளம்பரம். அந்த ப்ளூபெர்ரிக்கும், அந்த 5,000 ரூபாய் பிளெண்டருக்கும் கீழே ஒரு லிங்க் இருக்கும் பாருங்க, அதுக்காகத்தான் மேலே ரெசிபியே.

முதல்ல இந்த பர்சனல் ஃபைனான்ஸ் உலகம் சொல்ற வழக்கமான கதையை ஓரமா வச்சுடலாம். அமெரிக்காவுல டேவிட் பாக்னு ஒருத்தர் "லாட்டே ஃபேக்டர்"ங்கற ஐடியாவைப் பிரபலமாக்கினார். தினமும் கடையில குடிக்கற காபியை நிறுத்தி முதலீடு பண்ணினா பணக்காரர் ஆகலாம்ங்கற கதை. நம்ம ஊர்ல அதை மில்க்‌ஷேக்குக்கு மாத்திச் சொல்றாங்க. மாசம் 1,000 ரூபாயை 12 சதவீதத்துல 30 வருஷம் எஸ்.ஐ.பி போட்டா 35 லட்சம்! கணக்கு சரிதான். ஆனா விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா, அந்த 35 லட்சத்துக்கு இன்னைக்கு மதிப்பு சுமார் 6 லட்சம். அதை யாரும் தம்ப்நெயில்ல போடறதில்லை. 30 வருஷம் ஒரே மாதிரி 12 சதவீதம் கிடைக்கும்னு எந்த ஃபண்டும் எழுதித் தரப் போறதும் இல்லை.

அதனால நான் 5 வருஷக் கணக்கு மட்டும் சொல்றேன். உங்க பக்கத்துல இருக்கற பழமுதிர் கடையில ஒரு ஷேக் 80 ரூபாய்னு வச்சுக்குவோம். வாரத்துக்கு நாலு நாள், மாசத்துக்கு 17 கிளாஸ், 1,360 ரூபாய். அதையே வீட்டுல போட்டா என்ன ஆகும்? அரை லிட்டர் பால் பாக்கெட் 20லிருந்து 25 ரூபாய். ராத்திரி உறை ஊத்தினா தயிர் பால் விலையிலேயே கிடைச்சிடும். ஒரு கிளாஸுக்கு 150 மில்லி தயிர் போதும், 7 ரூபாய். ஒரு பூவன் பழம் 5 ரூபாய். நாட்டுச்சர்க்கரை ரெண்டு ஸ்பூன், ஒரு ஏலக்காய், அதுக்கு ஒரு 4 ரூபாய். மிக்ஸி கரண்ட்டைக் கேக்கறீங்களா? 750 வாட் மிக்ஸி ரெண்டு நிமிஷம் ஓடினா 0.025 யூனிட். 40 கிளாஸ் அடிச்சாத்தான் ஒரு யூனிட் ஆகும். சிந்தினது, திரிஞ்சதையும் சேர்த்து 18 ரூபாய்னு வச்சா 17 கிளாஸ் 306 ரூபாய். மிச்சம் மாசம் 1,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

இந்த 1,000 ரூபாயை போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி-ல 6.7 சதவீதத்துக்கு 5 வருஷம் போட்டா கையில வர்றது 71,000 ரூபாய் சொச்சம். அதுல 60,000 நீங்க போட்டது. இது ஒண்ணும் வாழ்க்கையை மாத்தற தொகை இல்லை. ஆனா கையில 22,000 சம்பளம் வாங்கற ஒருத்தருக்கு 71,000ங்கறது மூணு மாசச் சம்பளம். எமர்ஜென்சி ஃபண்டுன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றோமே, அது இதுதான். மூணு மாசம் வேலை இல்லாம இருந்தாலும் யார்கிட்டயும் போய் நிக்காம இருக்கலாம்.

வீட்டு வாடகை, பைக் இ.எம்.ஐ, தங்கச்சி கல்யாணக் கடன்... பெரிய செலவெல்லாம் அங்கதான் இருக்கு, ஷேக்குல இல்லைன்னு நீங்க சொன்னா நானும் ஒத்துக்கறேன். ஆனா அந்த இ.எம்.ஐயை இந்த மாசமே குறைக்க முடியாது. இதை நாளைக்குக் காலையிலயே குறைச்சுக்கலாம்.

ஆப்ல ஆர்டர் பண்றவங்களுக்கு மட்டும் கொஞ்சம் தனியா. ஆப்ல மெனு விலையே பல கடைகள்ல கவுன்ட்டர் விலையை விட அதிகம். அதுக்கு மேல 5 சதவீத ஜி.எஸ்.டி, பேக்கிங் சார்ஜ், பிளாட்ஃபார்ம் ஃபீ, டெலிவரி ஃபீ. 2025 செப்டம்பர் 22லிருந்து ஆப் மூலமா வர்ற டெலிவரி கட்டணத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஐஸ் கரைஞ்சு தண்ணியா வர்ற ஒரு ஷேக்குக்கு எத்தனை வரி கட்டறோம் பாருங்க. ஃபைவ் ரோட்டுல உக்காந்துகிட்டு ஃபேர்லேண்ட்ஸ் கடைக்கு ஆர்டர் போடறதுக்கு, நடந்தே போய்க் குடிச்சுட்டு வந்துடலாம்.

வரின்னு சொன்னதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். உங்க பில்லுக்குக் கீழே இருக்கற அந்த வரி வரிக்கும் நம்ம சேலத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

ராஜாஜி சேலத்துல வக்கீலா இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராவும் இருந்தவர். 1925ல திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். அங்கிருந்து 1929ல மதுவுக்கு எதிரா "விமோசனம்"னு ஒரு பத்திரிகை வந்துச்சு. பின்னாடி கல்கின்னு பேர் வாங்கின கிருஷ்ணமூர்த்தி அதுல வேலை பார்த்தவர். 1937ல ராஜாஜி சென்னை மாகாணத்தோட பிரதமர் ஆனார் (அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க). ஆன கொஞ்ச நாள்லயே, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, மதுவிலக்கு கொண்டுவந்தார். மாகாணம் முழுக்க இல்லை, முதல்ல ஒரே ஒரு மாவட்டத்துல. அந்த மாவட்டம் சேலம். அன்னைக்கு சேலம் மாவட்டம்னா இன்னைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது.

கள்ளு, சாராயத்துல வந்துட்டிருந்த வருமானம் அரசுக்கு நின்னு போச்சு. அடுத்தடுத்து மத்த மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு போனப்ப பள்ளம் இன்னும் பெருசாச்சு. அதை அடைக்க 1939ல கொண்டுவந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவுல பொதுவான விற்பனை வரியை முதல்ல கொண்டுவந்தது நம்ம மாகாணம்தான். ஆரம்பத்துல ஒரு சதவீதம் கூட கிடையாது. அதுவே வளர்ந்து விற்பனை வரி ஆகி, 2007ல வாட் ஆகி, 2017 ஜூலை 1ல ஜி.எஸ்.டிக்குள்ள போய்ச் சேர்ந்துச்சு.

இப்ப இன்னைய நிலைமையைப் பாருங்க. பாக்கெட்டுல அடைச்சு லேபிள் ஒட்டின தயிர், லஸ்ஸி, மோருக்கு 2022 ஜூலை 18ல 5 சதவீத ஜி.எஸ்.டி வந்துச்சு. ஆனா மது ஜி.எஸ்.டிக்குள்ளயே இல்லை! அது இன்னும் மாநில வாட், ஆயத்தீர்வைன்னு தனி ரூட்டு. குடியை நிறுத்தினதால பிறந்த வரி மோருக்கு வந்து சேர்ந்துடுச்சு, குடி மட்டும் தனியா நின்னு மாநிலத்துக்கு வருஷம் 45,000 கோடிக்கு மேல சம்பாதிச்சுக் கொடுத்துட்டு இருக்கு. டாஸ்மாக் பாட்டில் விலையில பெரும்பகுதி வரிதான். அரசியல் பேச வரல. நீங்க வாங்கற பொருள்கள்லயே அதிகமா வரி சுமக்கற பொருள் எதுன்னு தெரிஞ்சுகிட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

காக்டெயில் ரெசிபி பகிர்றவங்க சொல்ற வாதம் எனக்குத் தெரியும். "ப்ரோ, ஹோட்டல் பார்ல ஒரு கிளாஸ் 500, 600 ரூபாய். வீட்டுல கலந்தா 150தான்." ஒரு கிளாஸ் கணக்கு சரி. ஆனா கடையில ஒரு கிளாஸ் ரம் விக்க மாட்டாங்க, பாட்டில்தான் விப்பாங்க. 750 மில்லி பாட்டில்ல 60 மில்லி பெக் பன்னெண்டு இருக்கு. எல்.ஐ.ஐ.டி ரெசிபின்னா வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர்னு அஞ்சு பாட்டில் கேக்கும். ஒரு கிளாஸ் மிச்சம் பிடிக்க அஞ்சு பாட்டில் ஸ்டாக்! அந்த ஸ்டாக் பீரோவுல சும்மா இருக்குமா? மாசத்துக்கு ஒருமுறை வெளியே குடிச்ச ஆளு, வீட்டுல பாட்டில் இருக்கறதால வாரத்துக்கு ரெண்டு தடவை குடிக்க ஆரம்பிச்சா, கிளாஸ் விலை குறையும், மாசச் செலவு ஏறும். மொத்தமா வாங்கினா லாபம்ங்கறது அரிசிக்குப் பொருந்தும். இதுக்குப் பொருந்தாது.

21 வயசு ஆனவங்க, குடிக்கணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு. பணம் சம்பந்தமா மூணு இடம் மட்டும் நான் சொல்லியாகணும். ஏன்னா இதெல்லாம் கிளாஸ் விலையை விடப் பல மடங்கு பெருசு.

டெர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல "மது அருந்துவீர்களா, எவ்வளவு?"ன்னு ஒரு கேள்வி இருக்கும். ஏஜென்ட் "நோ போட்டுடலாம் சார், பிரீமியம் கம்மியாகும்"னு சொல்லலாம். போடாதீங்க. இன்ஷூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவுப்படி ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்து மூணு வருஷம் வரைக்கும், நீங்க மறைச்ச விஷயத்தைக் காட்டி கம்பெனி கிளெய்மை மறுக்க முடியும். வருஷம் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், அப்பா அம்மாவுக்குப் போக வேண்டிய ஒரு கோடியைப் பணயம் வைக்கறீங்க. வாரம் ரெண்டு பெக்னா வாரம் ரெண்டு பெக்னே எழுதுங்க.

அடுத்து வண்டி. குடிச்சுட்டு ஓட்டி மாட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவுல முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாப் போதும். ஆக்சிடென்ட் ஆயிடுச்சுன்னா உங்க வண்டி டேமேஜுக்கு இன்ஷூரன்ஸ் கைவிரிச்சுடும். பெங்களூருல வீக்கெண்ட் முடிச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா கார்ல சேலம் திரும்பறவங்களுக்கு வழியில தொப்பூர் கணவாய் இருக்குன்னு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காலையில பஸ் ஏறி வாங்க.

மூணாவது, பில்லைப் பிரிக்கறது. இதைப் பத்திப் பேச நிறைய பேருக்குக் கூச்சம். ஆறு பேர் போறோம், நாலு பேர் காக்டெயில், ரெண்டு பேர் லைம் சோடா. பில் 6,600 ரூபாய். "ஆளுக்கு 1,100 ஜி-பே பண்ணிடுங்க மச்சி." லைம் சோடா குடிச்சவரும் 1,100 கட்டுவார். வாய் திறந்தா கஞ்சன்னு பேர் வரும். இது மாசத்துக்கு ரெண்டு தடவை நடந்தா, மேலே மிச்சம் பண்ணின 1,000 ரூபாய் இங்கயே போயிடுச்சு. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி, மதுவுக்கு வாட்டுங்கறதால பில்லுல ரெண்டும் எப்படியும் தனித்தனியாத்தான் வரும். பல இடங்கள்ல ரெண்டு பில்லாவே கொடுத்துடுவாங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே, கடைசியில இல்லை, முன்னாடியே, "லிக்கர் பில் குடிக்கறவங்களுக்கு, ஃபுட் பில் எல்லாருக்கும்"னு யாராவது ஒருத்தர் சொல்லிடுங்க. குடிக்கறவரே சொன்னா ரொம்ப நல்லா இருக்கும். லைம் சோடா பார்ட்டி வாயிலிருந்து வந்தா அது வேற மாதிரிக் கேக்கும்.

அந்தப் பில்லுல "சர்வீஸ் சார்ஜ்"னு 10 சதவீதம் இருந்தா அதையும் பாருங்க. அது வரி இல்லை. அதைக் கட்டாயமா வசூலிக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லுச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். அப்புறம் மொத்தப் பில்லையும் உங்க கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, ரிவார்டு பாயின்ட் வருதுன்னு சந்தோஷப்படற ஆளா நீங்க? நண்பர்கள் திருப்பிக் கொடுக்காம ட்யூ டேட் தாண்டிடுச்சுன்னா வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். பாயின்ட்டை வச்சு அதைக் கட்ட முடியாது.

மாக்டெயில் குடிக்கறவங்களும் ரொம்பப் பெருமைப்பட்டுக்க வேண்டாம். விர்ஜின் மொஹிட்டோங்கறது எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா. உழவர் சந்தையில புதினாக் கட்டு என்ன விலைன்னு உங்க அம்மாவைக் கேளுங்க. வீட்டுல போட்டா 15 ரூபாய் ஆகற பொருளுக்கு 150 ரூபாய் கேக்கறாங்க. மெனு கார்டுலயே லாபம் அதிகம் இருக்கற அயிட்டங்கள்ல அதுவும் ஒண்ணு.

ஜிம் போற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. புரோட்டீன் பவுடர் ஷேக் ஒரு ஸ்கூப்புல 24 கிராம் வாக்குல புரதம், பிராண்டைப் பொறுத்து 80, 100 ரூபாய். ஒரு முட்டையில 6 கிராம். நாலு முட்டைன்னா அதே 24 கிராம், 30 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். நாட்டுக்கே முட்டை விலை சொல்ற நாமக்கல்ல உக்காந்துகிட்டு டப்பா பவுடரை இ.எம்.ஐல வாங்கறது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கு. ஆனா ரீல் பார்த்துட்டு பச்சை முட்டையை மிக்ஸியில அடிச்சுக் குடிக்காதீங்க. சால்மோனெல்லா தொற்று வந்தா ஆஸ்பத்திரிச் செலவு ரெண்டு டப்பா பவுடர் விலையைத் தாண்டிடும். முட்டையை அவிச்சுச் சாப்பிடுங்க, ஷேக்கைத் தனியாக் குடிங்க.

அப்ப எந்த ரெசிபியைப் பகிரலாம்? நம்ம ஊருக்கு ப்ளூபெர்ரி எதுக்குங்க? பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரையில விளையாத வாழையா? வெல்லத்துக்கு பிலிக்கல்பாளையத்துல ஏலச் சந்தையே நடக்குது. கொல்லிமலைப் பலாவும் அன்னாசியும் சீசன்ல ரோட்டோரம் குவிஞ்சு கிடக்கும். ஏப்ரல்லிருந்து ஜூன் வரைக்கும் சேலம் மாம்பழம். சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகள் உங்க ரூமுக்குப் பக்கத்துலயே இருக்கு, ஆனா காலையில எந்திரிக்கணும், அதான் பிரச்சினை. மிக்ஸி வாங்கணும்னு கூட அவசியம் இல்லாத வீடுகள் நிறைய. 2011ல அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி பல வீட்டுப் பரண்ல இன்னும் இருக்கு. பிளேடைத் தீட்டினா லஸ்ஸி அடிக்க அது போதும்.

மாம்பழத்துக்கு ஒரு தந்திரம். சீசன் உச்சத்துல, சந்தை கலையற நேரத்துல, நல்லாப் பழுத்து லேசா அடிபட்ட பழம் விலை இறங்கும். தட்டுல வச்சுக் கொடுக்க ஆகாது, அடிக்கறதுக்கு அதுதான் பிரமாதம். அடிபட்ட இடத்தை வெட்டிப் போட்டுட்டு, மிச்சத்தை அரைச்சு ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வச்சுடுங்க. ஆகஸ்ட்ல, கடையில மாம்பழ ஷேக் விலை ஏறினப்பறம், ரெண்டு கட்டி எடுத்து ஒரு கிளாஸ் தயிரோட ஒரு சுத்து. சர்க்கரை தேவைப்படாது, ஐஸும் தேவைப்படாது. பி.ஜி-ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க இதைத் தாண்டிப் போயிடலாம்.

அவங்களுக்கு என்கிட்ட இருக்கறது நம்ம பக்கத்துப் பழைய ஷேக், ஃப்ரிட்ஜே தேவைப்படாதது. கடையில கிடைக்கற கம்பு மாவு மூணு ஸ்பூனை ராத்திரி கரைச்சுக் காய்ச்சி வச்சுடுங்க. காலையில ஒரு கிளாஸ் மோர், உப்பு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய் போட்டு அடிச்சு, பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி ஆபீஸுக்கு எடுத்துட்டு வாங்க. மாவு 3 ரூபாய், மோர் 6 ரூபாய், வெங்காயம் மிளகாய் 2 ரூபாய். மொத்தம் 11 ரூபாய். மதியம் வரைக்கும் பசிக்காது.

இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல இருக்கற அந்த மதுக் கேள்வியை அடுத்த வீடியோல வரி வரியாப் பார்க்கலாம். உங்க ரெசிபி இருந்தா கீழே போடுங்க, கிளாஸுக்கு எவ்வளவு ஆச்சுங்கறதோட.